மின் சைக்கிள் கட்டுவோருக்கு: கெடுவதெல்லாம் இணைப்பில்தான்

சைக்கிளுக்கு மோட்டார் கிட் வாங்குபவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட், எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதைத்தான். கட்டி ஓட்டிய சைக்கிள் ஒன்று பழுதாகி நிற்கும்போது பிரித்துப் பார்த்தால், மோட்டாரோ செல்லோ தானாகக் கெட்டிருப்பது குறைவு. ஆக்ஸில் ஃப்ரேமில் உட்காரும் இடம், நிக்கல் பட்டை செல்லில் ஒட்டும் இடம், கனெக்டரின் முள், ஒயர் மோட்டாருக்குள் நுழையும் துளை. இரண்டு பொருள் சேரும் இந்த இடங்களில்தான் கோளாறு பிறக்கிறது. கட்டும் நேரத்தில் பாதியை இவற்றுக்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே பேசப்போவது 26 அங்குலச் சக்கரமும் இரும்பு ஃப்ரேமும் உள்ள கியர் சைக்கிளில், பின்சக்கரத்தில் 36 வோல்ட், 250 வாட் கியர் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார்) பூட்டுவதைப் பற்றி. முதல்முறை கட்டுபவருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. முன்சக்கரத்தில் பூட்டுவது சுலபம்தான். ஆனால் ஷாக் அப்சார்பர் உள்ள ஃபோர்க்கின் அடிக்கால் பெரும்பாலும் வார்ப்பு உலோகம். அது வளையாமல் ஒரேயடியாக உடையும். உடைந்தால் ஓட்டுபவர் முகம்குப்புற விழுவார். அதனால் பின்சக்கரம்.

250 வாட்டோடு நிறுத்திக்கொள்ளச் சட்டமும் ஒரு காரணம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் விதி 2-இன் யு பிரிவைப் பாருங்கள். மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது) 0.25 கிலோவாட்டுக்குக் குறைவு, உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்குள் என்று இருந்தால் அந்த வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. அதே விதி, இந்த அளவுகளை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட் போன்றவை அப்படிப்பட்டவை. கிட் விற்பவரிடம் அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெடல் உதவியோடு ஓடும் சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் அதே விதியில் வருகிறது.

ஆக்ஸிலும் காடியும்

சாதாரணச் சக்கரத்தில் ஆக்ஸில் சும்மா எடையைத் தாங்கிக்கொண்டு நிற்கும். ஹப் மோட்டாரில் அதற்கு இன்னொரு வேலை வந்து சேர்கிறது. மோட்டார் எவ்வளவு விசையோடு சக்கரத்தை முன்னே சுழற்றுகிறதோ, அவ்வளவு விசையோடு ஆக்ஸிலைப் பின்னே திருகப் பார்க்கும். ஆக்ஸில் 12 மி.மீ. விட்டம், இரண்டு பக்கமும் சீவி 10 மி.மீ. தட்டையாக்கியிருப்பார்கள். அந்தத் தட்டை, ஃப்ரேமின் காடியில் (ஆக்ஸில் நுழையும் வெட்டு) உட்கார்ந்து திருகலைத் தடுக்க வேண்டும். கணக்குப் போட்டால் அச்சம் வரும். மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வையுங்கள். அதை 10 மி.மீ. அகலத்துக்குள் தாங்க 4,000 நியூட்டன் வேண்டும். ஏறக்குறைய 400 கிலோ எடை காடியின் விளிம்பில் விழுவதற்குச் சமம். ஒவ்வொரு சிக்னலிலும் ஒருமுறை விழும்.

காடி விரிந்தால் என்ன ஆகும்? ஆக்ஸில் உள்ளேயே சுற்றும். அதன் துளை வழியாக வெளிவரும் ஒயர் கட்டு முறுக்கி அறுபடும். மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த மூன்று ஃபேஸ் ஒயர்களில் ஒன்று, மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் மெல்லிய ஹால் சென்சார் ஒயரைத் தொடும். 5 வோல்ட்டில் வேலை செய்யும் சுற்றுக்குள் பேட்டரியின் முழு வோல்டேஜ் பாயும். மோட்டாரின் சென்சாரும், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியும் ஒன்றாகப் போய்விடும். ஒரு நட்டு தளர்ந்ததற்கு இவ்வளவு விலை.

வாங்குவதற்கு முன் இரண்டு அளவுகளை எடுங்கள். பின்பக்கக் காடிகளின் உட்பக்க இடைவெளி 135 மி.மீ. இருக்க வேண்டும். பழைய தூத்வாலா (பால்காரர்) வகை சைக்கிள்களில் இது குறைவு. இரும்பு ஃப்ரேமாக இருந்தால் சில மி.மீ. வரை இழுத்து விரித்துக்கொள்ளலாம். அலுமினியத்தை விரிக்கவே கூடாது, விரிசல் விடும். அடுத்து காடியின் அகலம். 10 மி.மீ. இல்லாமல் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் காடியைத்தான் அரத்தால் இரண்டு பக்கமும் சமமாக ராவ வேண்டும். ஆக்ஸிலின் தட்டையை ராவினால் அதன் பலமே போய்விடும்.

டார்க் ஆர்ம், அதாவது ஆக்ஸில் சுற்றாமல் அதை ஃப்ரேமோடு பிடித்து வைக்கும் தகடு, இல்லாமல் கட்டாதீர்கள். கிட்டோடு வரும் மெல்லிய தகடு போதாது. லேத் பட்டறையில் 6 மி.மீ. இரும்புத் தகட்டில், ஆக்ஸில் தட்டை சரியாக நுழையும் துளையோடு வெட்டச் சொல்லுங்கள். கையால் தள்ளினால் உள்ளே போக வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலும் ஆக்ஸில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அசைந்து அசைந்தே நட்டைத் தளர்த்திவிடும். ஆர்மின் மறுமுனையை ஃப்ரேம் குழாயோடு ஹோஸ் கிளிப் இரண்டு போட்டு இறுக்கலாம். மட்கார்டு திருகுத் துளை இருந்தால் 5 மி.மீ. போல்ட்டால் பிடிப்பது இன்னும் நல்லது.

பூட்டும் வரிசை: மோட்டார், உள் வாஷர், ஃப்ரேம் காடி, டார்க் ஆர்ம், தட்டை வாஷர், நட்டு. ஆக்ஸில் காடியின் அடி வரை உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் குனிந்து பாருங்கள். ஒயர் வெளிவரும் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். நட்டை 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் 13 கிலோ எடை தொங்குவது போல. ஒயர் வரும் பக்கத்து ஆக்ஸில் உள்ளே குடைந்தது, அந்தப் பக்கம் மேலும் மேலும் இறுக்கினால் மரை வழுக்கும். இறுக்கியபின் நட்டிலும் ஆர்மிலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். 50 கிலோமீட்டரில் ஒருமுறை, 200-இல் ஒருமுறை பாருங்கள், அதற்குப் பிறகும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச் சக்கரத்தின் போக்குக் கம்பிகள் (ஸ்போக்) முதல் 100 கிலோமீட்டரில் தளரும். சைக்கிள் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்து, ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்கின்றனவா என்று தட்டிப் பாருங்கள்.

பேட்டரி

இங்கேதான் அதிக நேரமும் அதிகப் பொறுமையும் வேண்டும். இங்கே நடக்கும் பிழைக்கு வீடே விலையாகலாம். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டுத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் மின் வண்டிகளுக்கான ஏஐஎஸ் 156 தரநிலையில் பேட்டரிக்கான கடுமையான திருத்தங்கள் வந்தன. சைக்கிள் பேட்டரி அளவில் சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று நினைக்க வேண்டாம்.

முதலில் வேதியியல். 18650 வகை என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம்) செல்லில் 36 வோல்ட் பேட்டரி என்றால் பத்து செல் தொடர். முழு சார்ஜில் 42 வோல்ட். 2.6 ஆம்பியர்-ஹவர் செல்லை நான்கு நான்கு குழுவாக இணையாகச் சேர்த்தால் மொத்தம் 40 செல், 10.4 ஆம்பியர்-ஹவர், 374 வாட்-ஹவர், செல் எடை மட்டும் இரண்டு கிலோவுக்குள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் பன்னிரண்டு செல் தொடர், 38.4 வோல்ட், முழு சார்ஜில் 43.8. 32700 அளவில் 6 ஆம்பியர்-ஹவர் செல் 24 போட்டால் 12 ஆம்பியர்-ஹவர், சுமார் 460 வாட்-ஹவர், மூன்றரை கிலோ வரும். எடை கூடுதல்தான். ஆனாலும் மே மாத வெயிலில் வண்டி நிற்கும் ஊர்க்காரர்களுக்கு நான் பாஸ்பேட்டையே சொல்வேன். தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு எரியும் நிலைக்கு அது போக, என்எம்சியைவிட மிக அதிக வெப்பம் வேண்டும். சார்ஜ் சுழற்சியும் கூடுதல் வரும். சில 32700 செல்கள் திருகுமுனையோடு கிடைக்கின்றன. ஸ்பாட் வெல்டிங் எந்திரம் இல்லாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். திருகுமுனையில் ஸ்பிரிங் வாஷர் கட்டாயம், ரோட்டுக் குலுக்கலில் தளராமல் இருக்க.

எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு வாட்-ஹவர்தான் பதில். பெடல் போடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் பிடித்து ஓட்டினால் கிலோமீட்டருக்கு 15 வாட்-ஹவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக மிதித்து ஓட்டினால் 8. கொள்ளளவில் பத்தில் ஒன்பது பங்கைத்தான் எடுக்க வேண்டும். 460 வாட்-ஹவர் பேட்டரிக்கு இது 27 முதல் 50 கிலோமீட்டர் வரை. இதே பேட்டரிக்கு 80 கிலோமீட்டர் என்று யாராவது சொன்னால், ஓட்டுபவரின் கால்தான் வேலை செய்யும்.

செல் வாங்கும்போது தராசு எடுத்துப் போங்கள். 18650 செல் 44 முதல் 50 கிராம் இருக்கும். 9,900 மில்லி ஆம்பியர்-ஹவர் என்று எழுதியிருந்து 30 கிராம் நிறுத்தால் அது குப்பை. பழைய லேப்டாப் செல்லைப் பிரித்துக் கட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். வெவ்வேறு வயது, வெவ்வேறு உள்தடை கொண்ட செல்கள் ஒரே பேட்டரியில் இருந்தால் பலவீனமான குழுவே முதலில் காலியாகி முதலில் நிரம்பும், அதுவே முதலில் கெடும். புதுச் செல்லையும் வந்தவுடன் அளந்து எழுதி, இரண்டு வாரம் அப்படியே வைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். மற்றவற்றைவிட 0.02 வோல்ட்டுக்கு மேல் இறங்கிய செல்லை ஒதுக்குங்கள். உள்ளுக்குள்ளேயே கசிகிறது என்று பொருள்.

18650 கட்டும்போது பலர் அறியாத ஓர் ஆபத்து பாசிட்டிவ் முனையில் இருக்கிறது. செல்லின் உலோக உடல் முழுவதும் நெகட்டிவ். பாசிட்டிவ் குமிழைச் சுற்றியுள்ள தோள்பட்டை வரை அது ஏறி வந்திருக்கும். குமிழுக்கும் தோளுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி, மேலே காகிதம் போன்ற ஒரு பிளாஸ்டிக் உறை. நிக்கல் பட்டை அந்தத் தோள்மேல் படுத்து, வண்டி குலுங்கக் குலுங்க உறையைத் தேய்த்துக் கிழித்தால் அந்தச் செல் நேரடி ஷார்ட். ஒவ்வொரு பாசிட்டிவ் முனையிலும் பார்லி காகித (மின்காப்புத் தாள்) வளையம் ஒட்டிய பிறகுதான் பட்டையை வைக்க வேண்டும். 40 வளையம், பத்து நிமிட வேலை.

நிக்கல் பட்டை என்ற பெயரில் நிக்கல் பூசிய இரும்பும் விற்கிறார்கள். ஒரு துண்டை உப்புத்தாளால் சுரண்டி உப்புத் தண்ணீரில் இரவு முழுவதும் போட்டால் இரும்பு துருவைக் கக்கிவிடும். 8 மி.மீ. அகலம், 0.15 மி.மீ. கனமுள்ள சுத்த நிக்கல் பட்டை ஐந்து, ஆறு ஆம்பியர் தாங்கும். கன்ட்ரோலர் 15 ஆம்பியர் இழுக்குமானால் ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவுக்குக் குறைந்தது மூன்று பட்டை போக வேண்டும். நான்கு செல் குழுவில் இயல்பாகவே நான்கு போட்டுவிடலாம். செல்லில் நேரடியாகச் சாலிடர் வைக்காதீர்கள். அந்தச் சூடு உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்புச் சவ்வைச் சுருக்கிவிடும். வெல்டிங் பிடித்ததா என்று பார்க்க ஒரு வீணான செல்லில் வைத்து இடுக்கியால் உரியுங்கள். பட்டை கிழிந்து புள்ளி செல்லிலேயே ஒட்டியிருந்தால் சரி. பட்டை சுத்தமாக உரிந்து வந்தால் கரன்ட்டைக் கூட்ட வேண்டும்.

பிஎம்எஸ், அதாவது செல்களின் வோல்டேஜைக் கண்காணித்துப் பேட்டரியைக் காக்கும் மின்சுற்றுப் பலகை. அதன் இணைப்பில் அவசரம் கூடாது. 12 தொடருக்கு 13 மெல்லிய ஒயர் வரும். கனெக்டரைப் பிஎம்எஸ்ஸில் சொருகாமல் தனியே வைத்துக்கொண்டு, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பட்டையில் சாலிடர் செய்யுங்கள். பிறகு மல்டிமீட்டரின் கறுப்பு முள்ளை முதல் ஒயரில் வைத்து, சிவப்பு முள்ளால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். 3.3, 6.6, 9.9 என்று சீராகப் படியேறி 39.6 வரை வர வேண்டும். எங்கேயாவது படி இரட்டித்தாலோ இறங்கினாலோ இரண்டு ஒயர் இடம் மாறியிருக்கிறது. அப்படியே சொருகினால் பிஎம்எஸ்ஸில் புகை வரும். எல்லாம் சரியென்றால், பிஎம்எஸ்ஸின் தடித்த பி மைனஸ் ஒயரை முதலில் இணைத்துவிட்டு, கனெக்டரைக் கடைசியில் சொருகுங்கள்.

சார்ஜர் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் பெரியது. 42 வோல்ட் சார்ஜரும் 43.8 வோல்ட் சார்ஜரும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், முனையும் ஒன்றே. 43.8-ஐ என்எம்சி பேட்டரியில் போட்டால் ஒவ்வொரு செல்லுக்கும் 4.38 வோல்ட் வரும், 4.2-ஐத் தாண்டக்கூடாத செல் அது. பிஎம்எஸ் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது கடைசிக் காவல், தினமும் அதையே நம்பி இருக்கக்கூடாது. வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் சார்ஜ் கனெக்டரையே வேறு வேறாக மாற்றிவிடுங்கள், தவறிச் சொருகவே முடியாதபடி.

சார்ஜ் போடும் இடம் படிக்கட்டின் அடியிலோ வாசல் கதவின் பக்கத்திலோ இருக்கக்கூடாது. தீப்பிடித்தால் நீங்கள் வெளியே ஓடவேண்டிய வழி அது. சிமென்ட் தரை, சுற்றிலும் துணி, பாய், காஸ் சிலிண்டர் இல்லாத இடம். தூங்கப் போகும்போது போடாதீர்கள். வெயிலில் ஓட்டி வந்தால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். செல் 45 டிகிரிக்கு மேல் இருக்கும்போது சார்ஜ் ஏற்றுவது அதன் ஆயுளைத் தின்னும். புகை வந்தால் பேட்டரியைத் தூக்கப் போகாமல் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள். அந்தப் புகை நச்சு.

ஒயரும் கனெக்டரும்

ஒரு கணக்கைச் சொன்னால் கனெக்டரின் அருமை புரியும். சரியாக அழுத்தாத ஒரு புல்லட் முனையில் 0.05 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 15 ஆம்பியர் ஓடினால் 15ஐ 15ஆல் பெருக்கி, அதை 0.05ஆல் பெருக்க 11 வாட் வரும். 25 வாட் சாலிடரிங் அயர்னின் பாதிச் சூடு அந்த ஒற்றை முனையில் உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் உருகுவதற்கு வேறென்ன வேண்டும்? சூடேறினால் தடை கூடும், தடை கூடினால் மேலும் சூடாகும். ஆகவே புதிதாகக் கட்டிய வண்டியைப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு கனெக்டரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பக்கத்து ஒயரைவிடக் கனெக்டர் சூடாக இருந்தால் அது தவறாகச் செய்தது. வெட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்கு 2.5 சதுர மி.மீ. சிலிக்கான் ஒயரும் எக்ஸ்டி60 கனெக்டரும் போதும். சென்னையில் ரிச்சி தெருவில் இரண்டும் கிடைக்கும். பேட்டரிப் பக்கம் எப்போதும் குழி முனைதான் வர வேண்டும். முள் முனை வந்தால் சாவிக்கொத்து பட்டாலே ஷார்ட். சாலிடர் வைக்கும்போது எதிர்ஜோடியைச் சொருகிக்கொண்டு செய்யுங்கள், சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் முள் கோணாது. 60 வாட்டுக்குக் குறைந்த அயர்ன் இதற்கு ஆகாது. நேரம் எடுக்க எடுக்க பிளாஸ்டிக்தான் உருகும். கன்ட்ரோலரின் கெபாசிட்டர் நிரம்பும்போது வரும் தீப்பொறி முள்ளை அரிக்கும். தடை உள்ளே வைத்த எக்ஸ்டி90-எஸ் போட்டால் அந்தப் பொறி வராது.

ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவின் மிக அருகில், பெட்டிக்குள்ளேயே வர வேண்டும். கார் பிளேடு ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கானது. 42 வோல்ட் டிசியில் அது உருகினாலும் இடைவெளியில் வில் போல மின்பொறி நின்று எரியலாம். 58 வோல்ட் என்று எழுதிய பிளேடு ஃபியூஸ் தனியாக உண்டு, அதில் 25 அல்லது 30 ஆம்பியர் வாங்குங்கள். வீட்டு ஏசி எம்சிபியை இங்கே போடுபவர்கள் உண்டு, அது டிசி பொறியை அணைக்கும்படி செய்யப்பட்டதல்ல.

மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்கும் மூன்று ஃபேஸ் ஒயர், ஐந்து ஹால் ஒயர். நிறத்துக்கு நிறம் சேர்த்தால் ஓடும் என்பது ஒரே கம்பெனி ஜோடிக்குத்தான் பொருந்தும். வேறு வேறு இடத்தில் வாங்கினால் ஃபேஸ் ஆறு விதம், ஹால் ஆறு விதம், மொத்தம் 36 சேர்க்கை. அதில் மூன்று முன்னே ஓடும், மூன்று பின்னே ஓடும். மீதி எல்லாம் உறுமும், நடுங்கும், சூடாகும். சரியானதைக் காதால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். சக்கரத்தைத் தூக்கி வைத்து, சுமையில்லாமல் முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரியிலிருந்து ஓர் ஆம்பியர் அளவுக்குள் இழுத்தால் சரி. சத்தமில்லாமல் ஓடினாலும் நான்கைந்து ஆம்பியர் இழுத்தால் சேர்க்கை தவறு. பல கன்ட்ரோலர்களில் இரண்டு வெள்ளை ஒயர் இருக்கும். அவற்றைச் சேர்த்துப் பிடித்தால் தானே கற்றுக்கொள்ளும். கற்றபின் பிரித்துவிட்டு டேப் சுற்றவேண்டும்.

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் திடீரென்று வெட்டி வெட்டி இழுத்தால் முதலில் ஹால் சென்சாரைச் சந்தேகியுங்கள். கன்ட்ரோலரை ஆன் செய்து, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முள்ளைக் கறுப்பு ஒயரிலும் சிவப்பு முள்ளை மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றிலும் வைத்து, சக்கரத்தைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். கியர் மோட்டாரில் உள்ளே ஒருவழி கிளட்ச் இருப்பதால் முன்பக்கம் சுற்றினால் மோட்டார் அசையாது. மூன்றிலும் 0-வும் 5-உம் மாறி மாறி வர வேண்டும். ஒன்று மாறாமல் நின்றால், மோட்டாரைப் பிரிப்பதற்கு முன் ஆக்ஸில் வாயில் ஒயர் நசுங்கியிருக்கிறதா, கனெக்டர் முள் பின்வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மேடேறும்போது மட்டும் நின்றுவிடும் வண்டியில் கோளாறு வேறு. பேட்டரியும் ஒயரும் சேர்ந்த தடை 0.2 ஓம் என்றால் 15 ஆம்பியரில் 3 வோல்ட் இறங்கும். நிற்கும்போது 33 காட்டும் பேட்டரி மேட்டில் 30-க்குப் போய் கன்ட்ரோலர் அணைத்துவிடும். புதிதாக இருந்தபோது வராத இந்தப் பிரச்சினை இப்போது வந்தால், முழு சார்ஜ் போட்டு ஒவ்வொரு குழுவையும் அளங்கள். ஒரு குழு மட்டும் பின்தங்கியிருக்கும்.

ஆக்சிலேட்டரிலும் ஒரு மறைந்த ஆபத்து. அதன் கறுப்பு ஒயர் மட்டும் அறுந்தால், சமிக்ஞை ஒயரில் ஏறக்குறைய 5 வோல்ட் ஏறி, முழு வேகம் கேட்டது போலக் கன்ட்ரோலருக்குத் தோன்றும். இதைக் கண்டுபிடித்து நிறுத்தும் கன்ட்ரோலரும் உண்டு, நிறுத்தாததும் உண்டு. சக்கரத்தைத் தூக்கி வைத்து அந்த ஒயரைக் கழற்றிச் சோதியுங்கள். எதுவானாலும் மோட்டாரை அணைக்கும் பிரேக் லீவர் இரண்டு பக்கமும் போட வேண்டும். பெடல் சென்சார் சுலபம்: காந்தத் தட்டுக்கும் சென்சாருக்கும் 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி, பின்னோக்கி மிதித்தால் ஓடுகிறது என்றால் தட்டைத் திருப்பிப் போடுங்கள்.

மாற்றம் செய்வதில் எல்லோரும் முதலில் தேடுவது வேகம். கன்ட்ரோலருக்குள் கரன்ட்டை அளக்க இருக்கும் ஷன்ட் கம்பியில் சாலிடர் பூசினால் கன்ட்ரோலர் குறைவாக அளந்து அதிகமாக இழுக்கும். 15 ஆம்பியர் 20 ஆனால் மோட்டார் சுருளில் சூடு மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடாது. வர்க்கத்தில் போவதால் 78 சதவீதம் கூடும். உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரம்தான் முதலில் பல் இழக்கும். 48 வோல்ட் பேட்டரி போட்டால் வேகம் முப்பது சதவீதம் ஏறி சட்ட வரம்பைத் தாண்டும். பிரேக் அப்படியே இருக்கும். 15 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்ட பிரேக், 25-இல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆற்றலை நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே பணம் செலவழிக்க விரும்பினால் முதல் ரூபாய் நல்ல பிரேக் ரப்பருக்கும் புது கேபிளுக்கும் போகட்டும். அடுத்தது 2 அங்குல அகல டயர். மூன்றாவது, மோட்டார் வேகத்தோடு மிதிக்க ஏதுவாக முன்பக்கம் 44 பல், பின்பக்கம் 14 பல்.

மழைக்கு: ஒயர் எங்கே நுழைகிறதோ அதற்கு முன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். கன்ட்ரோலரை ஒயர் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். கனெக்டர்களுக்குள் சிலிக்கான் கிரீஸ். மோட்டார் மட்டத்துக்குத் தண்ணீர் தேங்கிய தெருவில் இறங்கி ஓட்டாதீர்கள்.

பூட்டு

இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதைத் தூக்கிக்கொண்டு போக அரை நிமிடம் போதும், கேபிள் பூட்டு போட்டிருந்தால். கையடக்க கட்டரில் அது சணல்போல அறுபடும். கடினப்படுத்திய யு பூட்டு வாங்கி, பின்சக்கரமும் ஃப்ரேமும் நிலையான கம்பியும் மூன்றும் அதற்குள் வரும்படி பூட்டுங்கள். விலையுயர்ந்த மோட்டார் பின்சக்கரத்தில்தானே இருக்கிறது. பூட்டுக்குள் காலி இடம் குறைய வேண்டும்; இடம் இருந்தால் கடப்பாரை நுழையும். பூட்டுகிற கம்பியையும் ஆட்டிப் பாருங்கள், திருகைக் கழற்றினால் வந்துவிடும் பலகைக் கம்பமாக இருக்கலாம்.

பேட்டரிப் பெட்டியின் சாவி ஒரு பிளாஸ்டிக் தாழ்ப்பாள்தான், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் திறந்துவிடும். வெளியில் நிறுத்தினால் பேட்டரியைக் கையோடு எடுத்துப் போவதே நல்லது. கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் ஆலன் போல்ட்டின் குழியில் சின்ன பேரிங் குண்டைத் தட்டி இறக்கி, மேலே மெழுகு ஊற்றிவிட்டால் சாவி நுழையாது; உங்களுக்குத் தேவைப்படும்போது மெழுகைச் சுரண்டிக் காந்தத்தால் எடுத்துவிடலாம். ஃப்ரேம் எண் பெடல் அச்சுக்கு அடியில் அடித்திருக்கும். அதையும் மோட்டார் எண்ணையும் ரசீதோடு படம் எடுத்து வைத்தால் காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது உதவும்.

ஜிபிஎஸ் கருவி வைப்பதாக இருந்தால் இரும்புக் குழாய்க்குள் வைக்காதீர்கள், சிக்னல் வராது. இருக்கை அடியிலோ பிளாஸ்டிக் விளக்குக்குள்ளோ வையுங்கள். மின்சாரத்தைப் பிஎம்எஸ்ஸின் வெளியீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அது 10 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் நாளுக்கு 0.24 ஆம்பியர்-ஹவர், ஒன்றரை மாதத்தில் 12 ஆம்பியர்-ஹவர் பேட்டரி காலி. பிஎம்எஸ்ஸைத் தாண்டி நேரடியாக எடுத்தால் அந்தக் காலி நிலையில் யாரும் நிறுத்த மாட்டார்கள், செல் செத்துவிடும்.

மறைவான சுவிட்ச் ஒன்றும் பயன்படும். அதைத் தடித்த பேட்டரி ஒயரில் போட வேண்டாம். கன்ட்ரோலரின் மெல்லிய இக்னிஷன் ஒயரில் சில மில்லி ஆம்பியர்தான் ஓடும், சின்ன சுவிட்ச் போதும்.

கடைசியாக, நம் சைக்கிள்களில் பின்சக்கரத்தோடு வரும் வளையப் பூட்டு. அது சக்கரம் சுற்றுவதை மட்டும் தடுக்கும், தூக்கிப் போவதைத் தடுக்காது. மின் சைக்கிளில் அதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பூட்டியிருப்பதை மறந்து ஆக்சிலேட்டரைத் திருகினால் மோட்டாரின் முழு விசையும் ஒற்றைப் போக்குக் கம்பியில் மோதும், கம்பி முறியும். இதற்கு ஒரு மலிவான வழி: பூட்டின் நாக்குக் கைப்பிடியில் சிறு காந்தம் ஒட்டி, பூட்டிய நிலையில் காந்தம் வந்து நிற்கும் இடத்துக்கு நேரே ஒரு ரீட் சுவிட்சை (காந்தம் அருகே வந்தால் இணையும் சுவிட்ச்) பொருத்துங்கள். அதன் இரண்டு ஒயரை, இரண்டு ஒயர் மட்டுமே உள்ள பிரேக் லீவர் சுவிட்சோடு இணையாகச் சேர்த்துவிட்டால், பூட்டு மூடியிருக்கும்வரை பிரேக் பிடித்திருப்பதாகவே கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகினாலும் மோட்டார் அசையாது.